ஊர்ப்பணத்தின் கணக்கு

வீட்டுவரி ரசீதை நம்மவர் இல்லங்களில் வெகு கவனமாகப் பாதுகாப்பார்கள். கிரயப் பத்திரம், பட்டா, குடும்ப அட்டை ஆகியவற்றோடு அதுவும் பெட்டிக்குள் இடம்பெற்றிருக்கும். மகளுக்கு வீட்டை எழுதிவைக்க வேண்டுமா, வங்கியில் கடன் பெற வேண்டுமா, மின் இணைப்பைப் பெயர் மாற்ற வேண்டுமா, உடனே அந்தத் துண்டுக் காகிதம் வெளியே வரும். 'இந்த வீடு எங்களுடையது' என்பதற்கு அது சான்று. ஆனால், அதே காகிதம் மற்றொன்றுக்கும் சான்று என்பதை நம்மில் பலர் எண்ணிப் பார்ப்பதில்லை. ஊரின் பொதுப்பணத்தில் நம் பணமும் கலந்திருக்கிறது. ஆகவே அது எவ்வழி சென்றது என்று கேட்கும் உரிமை நமக்கு உண்டு என்பதற்கும் அதுவே சான்றாகும். முதற் பயனை அறியாத குடும்பம் இல்லை. இரண்டாம் பயனைக் கொண்ட குடும்பங்களையோ விரல்விட்டு எண்ணிவிடலாம்.

நாம் வாழ்வது திருவண்ணாமலையில், ரமணாசிரமப் பகுதியில். 1922ஆம் ஆண்டில் ரமண மகரிஷியின் அன்னையார் மறைந்தபின், அவர் அடக்கமான இடத்தைச் சுற்றி எழுந்தது அந்த ஆசிரமம். அதன் காரணமாக வடநாட்டாரும் அயல்நாட்டாரும் இங்கே வந்து தங்குகின்றனர். செங்கம் சாலையின் இருமருங்கிலும் விடுதிகளும் உணவகங்களும் வாடகை வீடுகளும் பெருகியுள்ளன. நகரம் எங்கே முடிகிறது, சிற்றூர்கள் எங்கே தொடங்குகின்றன என்பது இவ்வழியே செல்லும் புதியவருக்குப் புலப்படாது. முழுநிலா நாள்களில் 14 கிலோமீட்டர் நீளமுள்ள மலைவலப் பாதையில் இலட்சக்கணக்கானோர் நடக்கின்றனர். அப்பாதை நகரத்துத் தெருக்களையும் அடிஅண்ணாமலை போன்ற சிற்றூர்களையும் தொட்டுக்கொண்டு செல்கிறது. நடப்பவர்க்கு அது ஒரே பாதை. அதைப் பெருக்குவோருக்கும் அதற்கு விளக்கேற்றுவோருக்குமோ அது பல நிர்வாகங்களின் எல்லைகள் சந்திக்கும் இடம்.

இதனை நாம் ஏட்டில் கற்கவில்லை, வாசலில் கற்றோம். ஓராண்டு மழைக்காலத்தில் நம் சந்தின் வடிகால் மண்மூடிப் போயிற்று. சாக்கடை நீர் தெருவில் பரந்து, பள்ளிக்கூடத்துப் பிள்ளைகள் செருப்பைக் கையில் பிடித்துக்கொண்டு நடக்கலாயினர். தெருவார் நால்வர் சேர்ந்து ஓர் அலுவலகத்திற்கு மனு எழுதிக்கொண்டு போனோம். அங்கிருந்தவர் வரைபடத்தைப் பார்த்துவிட்டு, "வடிகால் தொடங்குமிடம்தான் எங்களுடையது, அடைத்துக்கொண்ட இடம் எங்கள் எல்லையில் இல்லை" என்றார். மற்றோர் அலுவலகத்திற்குச் சென்றோம். அங்கே, "அடைப்பை எடுக்கலாம், ஆனால் தொடக்கத்தைச் சீர்செய்யாமல் அடைப்பை எடுத்தால் மறுபடியும் அடைத்துக்கொள்ளும், அவர்களை முதலில் செய்யச் சொல்லுங்கள்" என்றார்கள். இரண்டு விடைகளுமே அறிவுக்குப் பொருந்தியவைதாம். ஆனால் நீர் தெருவில் நின்றபடியே நின்றது. இறுதியில் வீட்டிற்கு முந்நூறு ரூபாய் வசூலித்து நாங்களே ஆள் வைத்து மண்ணை அள்ளினோம். வரியும் கட்டி வசூலும் கொடுத்த பின்னர்தான், ஊர்ப்பணம் என்பது எங்கிருந்து வருகிறது, யார் கூடி யார் கையொப்பத்தில் அதைச் செலவழிக்கின்றனர் என்று அறியும் ஆவல் நமக்குப் பிறந்தது. அவ்வாறு அறிந்தவற்றையே இங்கே எழுதத் துணிகிறோம்.

பணம் வரும் வழி

சிற்றூர்களில் இக்காரியங்களை நடத்துவது 1994ஆம் ஆண்டின் தமிழ்நாடு ஊராட்சிகள் சட்டம். அதன்படி அமைப்பு மூன்றடுக்கானது. கீழே கிராம ஊராட்சி. நடுவே ஊராட்சி ஒன்றியம். மேலே மாவட்ட ஊராட்சி. கிராம ஊராட்சித் தலைவரை மக்கள் நேரே தேர்ந்தெடுக்கின்றனர். அத்தேர்தலில் கட்சிச் சின்னம் கிடையாது. ஒன்றியத் தலைவரையும் மாவட்ட ஊராட்சித் தலைவரையும் அவ்வவ் மன்றத்தின் உறுப்பினர்கள் தமக்குள் தேர்ந்தெடுக்கின்றனர். அங்கே கட்சி உண்டு. இவற்றுக்கெல்லாம் மேலிருந்து கண்காணிப்பவர் மாவட்ட ஆட்சியர். சட்டத்தில் அவருக்கு 'ஊராட்சிகளின் ஆய்வாளர்' என்று பெயர்.

கிராம ஊராட்சியின் சொந்த வருமானம் வீட்டுவரி, தொழில்வரி, குடிநீர்க் கட்டணம், உரிமக் கட்டணம் போன்றவை. வீட்டுவரியோடு ரூபாய்க்குப் பத்துக் காசு வீதம் நூலக வரியும் சேர்ந்து வருகிறது. 1948ஆம் ஆண்டின் பொது நூலகச் சட்டம் நட்டுவைத்த மரம் அது. நம் வீட்டுப் பிள்ளைகள் கிளை நூலகத்தில் அமர்ந்து படிக்கும் புத்தகத்தில் நம் வீட்டுச் சுவரின் பங்கும் இருக்கிறது என்று சொன்னால் பொய்யாகாது. இவற்றைவிடப் பெரிய தொகை மேலிருந்து வருகிறது. மாநில அரசு தன் சொந்த வரி வருவாயில் 10 விழுக்காட்டை, மாநில நிதி ஆணையத்தின் பரிந்துரைப்படி, ஊரக, நகர உள்ளாட்சிகளுக்குப் பகிர்ந்தளிக்கும் முறை இருந்து வருகிறது. நடுவண் நிதி ஆணையத்தின் மானியம் வேறு. 2021 முதல் 2026 வரையிலான காலத்திற்கு வழங்கப்பட்ட அம்மானியத்தில் 60 விழுக்காடு குடிநீருக்கும் தூய்மைக்கும் மட்டுமே என்று கட்டுப்படுத்தப்பட்டது. 'கையில் பணம் இருந்தும் சாலைக்குச் செலவிட முடியவில்லை' என்று ஊராட்சித் தலைவர்கள் சொல்வதற்கு இத்தகைய கட்டுகளே பெரிதும் காரணம்.

செலவில் பெரும்பங்கை விழுங்குவது எது? நாம் சாலை என்றே நினைத்திருந்தோம். மின்கட்டணம் என்று அறிந்தபோது வியப்பே மேலிட்டது. தெருவிளக்கும், ஆழ்துளைக் கிணற்றிலிருந்து மேல்நிலைத் தொட்டிக்கு நீரேற்றும் மோட்டாரும் இரவு பகலாய் மின்சாரத்தைக் குடிக்கின்றன. மின்வாரியத்திற்கும் குடிநீர் வாரியத்திற்கும் செலுத்த வேண்டிய தொகைக்கென்றே ஊராட்சி தனி வங்கிக் கணக்கு வைத்துக்கொள்ள வேண்டியிருக்கிறது என்றால், அச்சுமையின் அளவை நாமே ஊகித்துக்கொள்ளலாம். வீட்டில் தேவையின்றித் திறந்து கிடக்கும் தெருக்குழாய் நீருக்கு யார் விலை கொடுக்கிறார் என்ற வினாவுக்கு விடை இங்கே இருக்கிறது.

இன்னொரு செய்தியும் நம் ஊருக்கு முக்கியமானது. மேலிருந்து வரும் பணம் பெரும்பாலும் மக்கள்தொகையைக் கொண்டே பகிரப்படுகிறது. 2011ஆம் ஆண்டின் கணக்கெடுப்பின்படித் திருவண்ணாமலை நகரத்தின் மக்கள் 1,45,000க்குச் சற்று மேல். ஆனால் ஒரே முழுநிலா இரவில் அதைவிடப் பெருங்கூட்டம் வந்து போகிறது. வந்தவர் தண்ணீர் குடிக்கின்றனர்; உண்ட இலையையும் தட்டையும் விட்டுச் செல்கின்றனர். அவர்கள் எந்த ஊரிலோ எண்ணப்பட்டவர்கள். ஆகவே அவர்களுக்குரிய பணம் அவ்வூர்களுக்குப் போகும். அவர்கள் விட்ட குப்பை நம் ஊருக்கு வரும். வருவோரால் வாணிபம் தழைக்கிறது, வீட்டு வாடகை உயர்கிறது என்பது உண்மை. ஆனால் வாடகை வீட்டுக்காரரின் கைக்குச் செல்கிறது. குப்பையோ ஊர்ப்பொதுவின் தலையில் விழுகிறது. இந்த ஏற்றத்தாழ்வைச் சரிசெய்யக் குழுவாய் அமர்ந்து பேசுவதைத் தவிர வேறு வழியில்லை.

ஒரு மூதாட்டியின் வினா

குழு என்றால் மன்ற உறுப்பினர் மட்டும் அல்லர். வாக்காளர் பட்டியலில் பெயருள்ள ஒவ்வொருவரும் உறுப்பினராக உள்ள கிராம சபை ஒன்றுண்டு. குடியரசு நாள், மே நாள், விடுதலை நாள், காந்தியடிகள் பிறந்த நாள் ஆகிய நான்கு நாள்களில் அது கூடிவந்தது. பின்னர் மார்ச் 22ஆம் நாளான உலகத் தண்ணீர் நாளும், நவம்பர் முதல் நாளான உள்ளாட்சி நாளும் சேர்க்கப்பட்டன. மூவாயிரம் பேருக்கு மேல் பத்தாயிரம் பேர் வரை வாழும் ஊராட்சியில் சபை நடக்கக் குறைந்தது 200 பேர் வந்திருக்க வேண்டும் என்பது விதி. வரவு செலவுக் கணக்கு அச்சபையின் முன் வைக்கப்பட வேண்டும்.

சில ஆண்டுகளுக்கு முன், ஓர் அக்டோபர் 2ஆம் நாள், நண்பர் ஒருவரின் அழைப்பின்பேரில், ஓர் ஊராட்சியின் கிராம சபையில் பார்வையாளராக அமர்ந்திருந்தோம். ஊராட்சிச் செயலர் கணக்கை விரைவாக வாசித்துக்கொண்டே சென்றார். பலர் கேட்கவில்லை, சிலர் தங்களுக்குள் பேசிக்கொண்டிருந்தனர். அப்போது பின்வரிசையில் இருந்த மூதாட்டி ஒருவர் எழுந்தார்.

"தம்பி, அறுபது லைட்டு மாத்துனதா வாசிச்சியே, எங்க தெருவுல ஆறு மாசமா ஒண்ணுகூட எரியலையே. அந்த அறுபதும் எங்க போச்சு?"

செயலர் தயங்காமல் விடை சொன்னார்: "முக்காவாசி ரோட்டு மேலதாம்மா போட்டோம். பௌர்ணமிக்கு அவ்வளவு ஜனம் வருதில்ல."

"ஜனம் மாசத்துல ஒருநாள் வருது. நாங்க மாசம் பூரா இருக்கோமே!"

சபையில் சிரிப்பு எழுந்தது, பின் அமைதி. யாரும் யாரையும் கள்வர் என்று சொல்லவில்லை. அறுபது விளக்கும் வாங்கப்பட்டே இருந்தன. கணக்கும் சரியாகவே இருந்தது. ஆனால் அவை எங்கே எரிய வேண்டும் என்ற முடிவை எடுத்தபோது அம்மூதாட்டியின் தெருவை நினைத்தவர் எவரும் இல்லை. அன்று அதே இடத்தில், அடுத்து வாங்கும் விளக்குகள் முதலில் குடியிருப்புத் தெருக்களுக்கே என்று தீர்மானம் எழுதப்பட்டது.

கணக்குக் கேட்பதென்றால் திருட்டைப் பிடிப்பது என்றே நம்மில் பலர் கருதுகிறோம். அதனாலேயே கேட்கக் கூசுகிறோம். கேட்டால் தலைவர் மனம் நோகுமே, பகை வருமே என்று அஞ்சுகிறோம். அம்மூதாட்டி நமக்குக் கற்பித்தது வேறு. கணக்கில் இருப்பது தொகை மட்டுமன்று, தேர்வும் இருக்கிறது. பத்து ரூபாயை இங்கே செலவிடுவதென்றால் அங்கே செலவிடாமல் விடுவது என்று பொருள். விடுபட்டவர் வாய் திறந்தாலன்றி, நேர்மையான குழுவிற்கும் அது தெரியவராது. நேர்மையற்றவரைத் தடுப்பதற்கு எவ்வளவு கேள்வி வேண்டுமோ, நேர்மையானவருக்கு வழிகாட்டுவதற்கும் அவ்வளவு கேள்வி வேண்டும் என்பது நம் துணிபு.

நம் சமூகத்தாருக்கு இது புதிய பழக்கமன்று. பள்ளிவாசலின் ஆண்டுக் கணக்கை அச்சிட்டு ஜும்ஆவிற்குப் பின் கையில் கொடுக்கும் மஹல்லாக்கள் எத்தனையோ உண்டு. சந்தா தந்தவரின் பெயர் விடுபட்டால் அன்றே முத்தவல்லியிடம் கேட்கிறோம்; சுண்ணாம்பு அடித்த கூலி கூடுதலாகத் தோன்றினால் விளக்கம் பெறுகிறோம். அது அமானிதம் என்ற உணர்வு நமக்கு இரத்தத்தில் ஊறியது. அதே கண்டிப்பை, அதைவிடப் பன்மடங்கு பெரிதான ஊராட்சிப் பணத்தின்மீது ஏன் செலுத்தக் கூடாது? அதுவும் நம் பணம்தானே? அதுவும் நம்மையும் நம் அண்டை வீட்டாரையும் சேர்த்துத் தழுவும் அமானிதம்தானே?

பழையவர் விதித்த விதி

கணக்குக் கொடுப்பதைக் குழுவின் உயிர்நாடியாகக் கொண்ட மரபு இத்தமிழ் மண்ணில் ஆயிரம் ஆண்டுகளுக்கு முன்னரே இருந்தது. உத்திரமேரூரில் முதலாம் பராந்தக சோழன் காலத்தில், கி.பி. 919, 921 ஆகிய ஆண்டுகளில் பொறிக்கப்பட்ட கல்வெட்டுகள் அதற்குச் சாட்சி. ஊரை முப்பது குடும்புகளாகப் பிரித்து, தகுதியுடையோர் பெயர்களை ஓலையில் எழுதிக் குடத்திலிட்டு, சிறுவன் ஒருவனைக் கொண்டு எடுக்கச் செய்தனர். ஏரிக்கு ஒரு வாரியம், தோட்டத்திற்கு ஒரு வாரியம், பொன்னுக்கு ஒரு வாரியம் என்று பணிகளைப் பிரித்துக் கொடுத்தனர். பதவிக்காலம் 360 நாள்களே. இவற்றிலெல்லாம் நம்மைக் கவர்வது தகுதியின்மை பற்றிய விதியாகும். முன்பு வாரியத்தில் இருந்து கணக்குக் காட்டாது போனவர் மறுபடியும் குடவோலைக்கு உரியவர் அல்லர். அவருடைய நெருங்கிய உறவினரும் அல்லர். தந்தை கணக்குக் காட்டாவிட்டால் மகனுக்கும் இடமில்லை என்ற இவ்விதியை இன்று நினைத்தாலும் வியப்பு மேலிடுகிறது.

அந்த முறையை அப்படியே போற்ற வேண்டும் என்று நாம் சொல்ல வரவில்லை. நிலமும் வீடும் வேதக் கல்வியும் உடைய ஆண்களுக்கே அச்சபையில் இடமிருந்தது. ஏரியை வெட்டியவருக்கும் அதிலிருந்து நீர் சுமந்த பெண்ணுக்கும் அங்கே நாவில்லை. இன்றைய சட்டம் அவ்வகையில் மிக உயர்ந்தது. பட்டியல் சாதியினருக்கும் பழங்குடியினருக்கும் இடம் ஒதுக்கியது. 2016இல் தமிழ்நாட்டில் பெண்களுக்குச் சரிபாதி இடம் என்று வகுத்தது. யார் அமரலாம் என்பதில் நாம் முன்னோரை வென்றுவிட்டோம். அமர்ந்தவர் கணக்குச் சொல்லியே தீர வேண்டும் என்பதில்தான் அவர்களைவிடத் தளர்ந்து நிற்கிறோம்.

நாற்காலி காலியாகும்போது

தளர்ச்சிக்கு ஒரு பெருங்காரணம், கணக்குச் சொல்ல வேண்டிய நாற்காலியே அடிக்கடி காலியாகிவிடுவதாகும். தமிழ்நாட்டில் 1986இல் உள்ளாட்சித் தேர்தல் நடந்தது. அடுத்த தேர்தல் 1996இல்தான் வந்தது. அதற்குள் நாட்டின் அரசியலமைப்பே திருத்தப்பட்டு, ஐந்தாண்டுக்கு ஒருமுறை தேர்தல் நடத்த வேண்டும் என்ற விதி 1993 ஏப்ரல் 24 முதல் நடைமுறைக்கு வந்துவிட்டது. அதன்பின் 2001, 2006, 2011 என்று ஒழுங்காய் நடந்த தேர்தல், 2016 அக்டோபரில் பதவிக்காலம் முடிந்தபோது நின்றுபோயிற்று. மூன்றாண்டுகளுக்கு மேல் தனி அலுவலர்களே ஊராட்சிகளை நடத்தினர். 2019 டிசம்பர் இறுதியில் நம் மாவட்டம் உட்பட 27 மாவட்டங்களில் ஊரகத் தேர்தல் நடந்தது. அதில் வென்றவர்களின் காலமும் 2025 ஜனவரி 5இல் முடிந்தது. மறுநாள் முதல் மீண்டும் தனி அலுவலர்கள் பொறுப்பேற்றனர்.

தனி அலுவலர் தீயவர் என்று சொல்வது அநீதி. படித்தவர், விதி அறிந்தவர், பல இடங்களில் சுறுசுறுப்பானவர். ஆனால் ஒரே அலுவலர் பல ஊராட்சிகளைப் பார்க்க வேண்டியிருக்கிறது. அவருடைய மேலதிகாரிக்கே அவர் பதில் சொல்ல வேண்டியவர். தலைவர் ஒருவர் அதே ஊரில் கடைத்தெருவுக்கு வர வேண்டும். திருமண வீட்டில் பந்தியில் அமர வேண்டும். ஐந்தாண்டில் மறுபடியும் கைகூப்பி வாசலில் நிற்க வேண்டும். அந்த மூதாட்டி அவரை எங்கே வேண்டுமானாலும் மறித்துக் கேட்கலாம். அலுவலரை மறிக்க அலுவலகத்திற்குப் போக வேண்டும். அங்கே அவர் வேறொரு ஊராட்சிக்குப் போயிருக்கக்கூடும்.

மாவட்ட அளவிலும் இதே நிலைதான். மாவட்ட ஊராட்சிக்கு உணவும் வேளாண்மையும், கல்வி, பொதுப்பணி, சுகாதாரம் என்று தனித்தனி நிலைக்குழுக்கள் உண்டு. சிற்றூர்களின் திட்டங்களையும் நகரங்களின் திட்டங்களையும் ஒன்றாய் இணைத்து மாவட்டத்திற்கே ஒரு திட்டம் வகுக்க மாவட்டத் திட்டக்குழு என்று ஒன்று இருக்க வேண்டும் என்பது அரசியலமைப்பின் ஆணை. அதன் உறுப்பினரில் ஐந்தில் நான்கு பங்கினர் தேர்ந்தெடுக்கப்பட்டவராய் இருத்தல் வேண்டும். தமிழ்நாட்டில் மாவட்ட ஊராட்சித் தலைவரே அதற்குத் தலைவர். ஆட்சியர் துணைத் தலைவர். நம் சந்தின் வடிகாலைப் போல, ஒரு தலை நகரத்திலும் மறுதலை சிற்றூரிலும் கிடக்கும் காரியங்களுக்கு இதைவிடப் பொருத்தமான அவை வேறில்லை. ஆயினும் 2019இல் ஊரகத் தேர்தல் நடந்திருக்க, அக்குழுவிற்கான தேர்தல் 2023 ஜூன் மாதத்தில்தான் நடந்தது. ஏறத்தாழ ஒன்றரை ஆண்டிலேயே அதில் இருந்த ஊரக உறுப்பினரின் பதவிக்காலமே முடிந்துவிட்டது. விதை வாங்கவே பருவம் போய்விட்டால் விளைச்சலை எங்கே தேடுவது?

ஊர் நகரமாகும்போது

1886இல் தோன்றிய திருவண்ணாமலை நகராட்சி, 2024 ஆகஸ்டில் மாநகராட்சியாயிற்று. சுற்றியுள்ள ஊராட்சிகளைச் சேர்த்து எல்லையை விரிக்கும் ஏற்பாடும் அதனைத் தொடர்ந்து வந்தது. இதில் நமக்கு மகிழ்ச்சியும் உண்டு, கவலையும் உண்டு. மகிழ்ச்சி, இரண்டு அலுவலகங்களுக்கிடையே அலைய வேண்டியிராது என்பது. வடிகாலின் தலையும் வாலும் ஒரே கையில் வரும். 2024 டிசம்பர் முதல் நாள், ஃபெஞ்சல் புயல் மழையில் மலைச்சரிவு மண் சரிந்து, வ.உ.சி. நகரில் ஐந்து குழந்தைகள் உட்பட ஏழு உயிர்கள் மண்ணுள் மறைந்த கொடுமையை இவ்வூர் மறக்க முடியாது. மழையைத் தடுக்கும் ஆற்றல் எந்த மன்றத்திற்கும் இல்லை. ஆனால் மலையிலிருந்து நீர் இறங்கும் வழிகளைத் திறந்து வைப்பதும், எங்கே வீடு கட்டலாம், எங்கே கூடாது என்று காலத்தில் சொல்வதும், ஏழைகளுக்கு வேறிடம் தேடித் தருவதும் உள்ளாட்சியின் மேசைக்கு வந்தே தீர வேண்டிய காரியங்கள். மலை ஒன்றாயிருக்க, அதன் அடிவாரம் பல துண்டாய் ஆளப்படுவதைவிட ஒரே நிர்வாகத்தின் கீழ் வருவது நன்று.

கவலை யாதெனில், ஊராட்சி நகரத்தில் கரையும்போது கிராம சபையும் கரைந்துவிடுகிறது. வரி உயரும் என்றும், ஊரகத்திற்கே உரியதாயிருந்த நூறு நாள் வேலை போய்விடும் என்றும் சிற்றூர் மக்கள் அஞ்சியதில் நியாயம் உண்டு. அவற்றைப் பற்றி வெளிப்படையாகப் பேசினர். கேட்கும் இடம் போய்விடுமே என்று பேசியவர் குறைவு. நகரங்களுக்கென வார்டு குழுவும் பகுதி சபையும் உண்டு. 2022இல் விதிகள் வகுக்கப்பட்டு, அவ்வாண்டு நவம்பர் முதல் நாளில் பகுதி சபைகள் கூட்டப்பட்டன. ஆனால் கிராம சபை என்றால் என்ன என்று அறிந்த சிற்றூரார் போலப் பகுதி சபையை அறிந்த நகரத்தார் இல்லை. நம் தெருவில் பத்துப் பேரைக் கேட்டோம். ஒன்பது பேர் அப்பெயரையே கேள்விப்பட்டிருக்கவில்லை. அந்த மூதாட்டியின் தெரு மாநகராட்சியில் சேருமானால் அங்கே அதிக ஒளியுள்ள விளக்கு எரியலாம். ஆனால் அது எரியாத நாளில் அவர் எங்கே எழுந்து நின்று கேட்பார்?

இராசத்தான் காட்டிய வழி

கேட்பவர் எளியவராயிருப்பினும் கேட்டால் என்ன நிகழும் என்பதற்கு இராசத்தான் மாநிலம் சான்று தருகிறது. அங்கே 1990இல் தோன்றிய மஸ்தூர் கிசான் சக்தி சங்கடன் என்னும் உழைப்பாளர் அமைப்பு, வறட்சிக்கால வேலையில் கூலி குறைவாய்த் தரப்படுவது ஏன் என்று கேட்கத் தொடங்கியது. கூலிப் பட்டியலைக் காட்டுங்கள் என்றால் அரசு இரகசியம் என்றார்கள். 1994 டிசம்பரில் கோட்கிரானா என்னும் சிற்றூரில் அவ்வமைப்பு ஊரார் முன் பட்டியலைப் படித்துக் காட்டும் பொது விசாரணையை நடத்தியது. வேலையே செய்யாதவர் பெயரும், கட்டப்படாத கட்டடமும் வெளியாயின. எழுதப் படிக்கத் தெரியாத கூலியாள்கள் கேட்ட அந்த வினாக்கள் வளர்ந்து வளர்ந்து, 2005ஆம் ஆண்டின் தகவல் அறியும் உரிமைச் சட்டத்திற்கு வித்தாயின. இன்று பத்து ரூபாய்க் கட்டணத்தில் எந்தக் குடிமகனும் தன் தெருவின் செலவை எழுத்து மூலம் கேட்கலாம். முப்பது நாளுக்குள் விடை தர வேண்டும்.

அண்டை மாநிலமான கேரளம் மற்றொரு வழியைக் காட்டியது. 1996இல் தொடங்கிய மக்கள் திட்ட இயக்கத்தில், மாநிலத் திட்ட நிதியில் 35 முதல் 40 விழுக்காடுவரை உள்ளாட்சிகளிடம் ஒப்படைத்து, கிராம சபைகளில் பேசித் திட்டம் வகுக்கச் செய்தனர். பணமும் கேள்வியும் ஒருசேரக் கீழிறங்கினாலன்றி உள்ளாட்சி என்ற பெயருக்குப் பொருளில்லை என்பதை அவ்வனுபவம் உணர்த்திற்று.

வாசக அன்பர்களை நாம் வேண்டிக்கொள்வது மிக எளியது. நீங்கள் வாழ்வது சிற்றூராயின், தேர்ந்தெடுக்கப்பட்ட மன்றம் இருந்தாலும் தனி அலுவலர் இருந்தாலும், கிராம சபை கூடும் நாளில் குடும்பத்தோடு செல்லுங்கள். பெண்களை வீட்டில் விட்டுச் செல்லாதீர்கள். குழாயில் நீர் வரும் நேரத்தையும் தெரு இருண்டு கிடக்கும் நேரத்தையும் ஆண்களைவிட அவர்களே நன்கறிவர். கணக்கு வாசிக்கப்படும்போது பேச்சை நிறுத்திக் கேளுங்கள். ஒரே ஒரு வினாவையாவது, யாரையும் புண்படுத்தாமல், கேளுங்கள். விடையைத் தீர்மானப் புத்தகத்தில் எழுதச் சொல்லுங்கள். நகரத்தில் வாழ்வோர், தம் பகுதி சபை எப்போது கூடுகிறது என்று வார்டு உறுப்பினரிடம் அல்லது அலுவலகத்தில் விசாரியுங்கள். கூடவில்லை எனில் ஏன் என்று எழுதிக் கேளுங்கள். தேர்தல் தள்ளிப்போகும் காலத்தில் அதனை அரசியல்வாதிகளின் கவலை என்று ஒதுக்காதீர்கள். நம் வடிகாலுக்குப் பதில் சொல்ல வேண்டியவரின் நாற்காலி அது.

அடுத்த முறை வீட்டுவரி கட்டி ரசீது வாங்கும்போது, பெட்டிக்குள் வைப்பதற்கு முன் பிள்ளைகளை அழைத்துக் காட்டுங்கள். இப்பணம் விளக்காகவும் குடிநீராகவும் நூலகமாகவும் நம்மிடமே திரும்பி வர வேண்டியது என்று சொல்லுங்கள். அவ்வாறு வரவில்லை எனில் எங்கே சென்று, யாரிடம், எவ்வளவு மரியாதையோடு கேட்க வேண்டும் என்பதையும் சேர்த்துச் சொல்லிக்கொடுங்கள். கேட்கத் தெரிந்த தலைமுறை ஒன்று வளருமானால், எந்தக் குழு அமர்ந்தாலும் ஊர் நலம் பெறும்.